களத்துத் தூசியும் கூலியாட்களின் மூச்சும்

செஞ்சிக் கோட்டையில் இராஜகிரியின் அடிவாரத்திலுள்ள பழைய நெற்களஞ்சியத்தைக் காண்போர் அதன் கட்டுக்கோப்பை வியப்பதுண்டு. நெல்லுக்கு ஈரம் ஆகாதென்பதை இவ்வட்டாரத்தார் நெடுங்காலமாய் அறிவர். அவ்வீரம் நெல்லையும் வைக்கோலையும் கையாளும் மனிதருக்கும் ஆகாதென்பதே இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

மழையில் நனைந்தபடியே போரிட்ட வைக்கோலும், உலர்த்தாது மூட்டை கட்டிய நெல்லும் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கின்றன. பின்னர்ப் போரைப் பிரிக்குங்கால் புகைபோல் எழுவது வெறும் மண் தூசியன்று; நுண்ணுயிர்களின் விதைத்தூள் அதில் கலந்திருக்கிறது. அதைச் சுவாசித்தவருள் சிலருக்கு நாலு முதல் எட்டு மணி நேரங் கழித்து, அதாவது வேலை முடிந்து வீடு சேர்ந்த பின்னர், குளிர்சுரமும் வறட்டிருமலும் மூச்சுத்திணறலும் காணும். இரண்டொரு நாளில் தணியும். இதனாலேயே களத்திற்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தம் எவருக்கும் தோன்றுவதில்லை. ஜலதோஷமென்று சொல்லி ஆள் மறுபடியும் அதே போருக்கு அனுப்பப்படுகிறான். இவ்வாறு பன்முறை நேரின் நுரையீரல் தழும்பேறும். அப்பால் இழந்த மூச்சு மீள்வதரிது.

இது புதிதாய்க் கண்ட நோயுமன்று. தானியம் சலிப்போரின் துன்பத்தை இத்தாலி வைத்தியர் இராமசீனி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். 1932-இல் இங்கிலாந்தில் காம்ப்பெல் என்னும் வைத்தியர், பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட குடியானவரிடம் இதனைக் கண்டு விவரித்தார்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் கொண்டுசெல்வோர் ஈரப்பதத்தில் கண்ணாயிருக்கின்றனர். விலை அதைப் பொறுத்ததன்றோ? அக்கவனத்தை ஆட்களின் மூச்சின்மீதும் வைத்தல் நியாயம். எப்பொழுது போரிடுவது, எப்பொழுது மூட்டை கட்டுவது என்பதைக் கூலியாள் தீர்மானிப்பதில்லை. ஆகவே இது நிலமுடையார் பொறுப்பேயாகும். சேமிக்கும் நெல்லை ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேற்படாதவாறு உலர்த்துக. வைக்கோலைப் புரட்டிக் காயவிட்ட பின்னரே போரிடுக. பூஞ்சணம் கண்டதை மூடிய கொட்டகையில் உதறலாகாது. வெளியில், காற்று வரும் பக்கம் நின்று பிரிக்கச் செய்க. மூக்கைச் சுற்றிய தலைத்துண்டு பெருந்தூசியையே தடுக்கும், நுண்தூள் அதனூடே புகும். 2020-இன் பெருந்தொற்றில் யாவரும் அறிந்த என்-95 முகமூடியை வாங்கித் தருதல் நிலமுடையார்க்குப் பெருஞ்செலவன்று.

இருமலுடையவரைச் சுகாதார நிலையத்திற்கு அனுப்பும் கிராம அதிகாரிகள், அவர் செய்த வேலை இன்னதென்பதையும் சொல்லியனுப்புவாராக. க்ஷயத்திற்கான சளிப்பரிசோதனை அவசியமே. சளியில் கிருமி காணாவிடில், அவர் எந்தப் போரைப் பிரித்தார் என்று வைத்தியர் விசாரிக்க அது உதவும்.