தொட மறுக்கும் கை

தோழா!

மருத்துவமனை வாயிலில் ஒரு காட்சி. நாடகக்காரன் தீட்டும் காட்சிதான். ஆனால் நாட்டில் நடவாததை நான் தீட்டவில்லை.

நிறைமாதக் கருவைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வருகிறாள். இடுப்பு வலி உயிரை வாட்டுகிறது. தாங்கிப் பிடித்து வருகிறாள் தாய். சீட்டைப் புரட்டிய செவிலியின் முகம் கறுக்கிறது. சீட்டின் மேல் சிவப்பு மையில் ஒரு குறி! "அந்தக் கேஸ்" என்று அடுத்தவர் காதிலே ஒரு முணுமுணுப்பு. மருத்துவர் வருகிறார், எட்டியே நிற்கிறார். நாடி பிடிக்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. "இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்கிறார்.

கட்டில் இருக்கிறது. கத்தரி இருக்கிறது. கையுறை இருக்கிறது. கற்ற கல்வியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: தொடுவதற்கு மனம்!

அவள் குருதியில் இருப்பது எச்.ஐ.வி. என்னும் கிருமி. அவளை வாயிலில் இருந்து விரட்டியது அந்தக் கிருமியா? அன்று! மருத்துவரின் மனத்திலே குடியிருக்கும் அச்சம் அவளை விரட்டியது. முன்னதற்கு மருந்து வந்துவிட்டது. பின்னதற்கு?

"கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நீ, கற்றுத் தேர்ந்த மருத்துவருக்குப் பாடம் புகட்டப் புறப்பட்டாயோ?" என்று கேட்பார் சிலர். பாடம் புகட்டப் புறப்படவில்லை. அவர்கள் படித்த பாடத்தை நினைவூட்டவே புறப்பட்டேன்.

1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்த நோய் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. 1983-இல் பாரிசு நகரின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தார் கிருமியைப் பிரித்தெடுத்தனர். குருதியின் வழி, உடலுறவின் வழி, தூய்மையற்ற ஊசியின் வழி, தாயிடமிருந்து சேய்க்குக் கருவிலும் பேற்றிலும் தாய்ப்பாலிலும், இவ்வழிகளில் பரவும். தொட்டால் பரவாது, உடன் உண்டால் பரவாது, கொசு கடித்தாலும் பரவாது என்பதெல்லாம் தெளிந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும், அறிவு ஏட்டில் ஏறிய வேகத்தில் நெஞ்சில் ஏறவில்லை!

1987 ஏப்ரலில், இலண்டன் மாநகரின் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், கையுறை அணியாத கையால் ஒரு நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார் இளவரசி டயானா. அரண்மனைகளிலே நமக்கு மயக்கம் கிடையாது, தோழா! ஆனாலும் அந்த ஒரு கைகுலுக்கல், ஓராயிரம் துண்டறிக்கைகள் சாதிக்காததைச் சாதித்தது. ஏன்? அறிவைச் சொல்லில் காட்டாமல் செயலில் காட்டியது அது.

நம் மண்ணிலும் அப்படி ஒருவர் இருந்தார். இந்தியாவில் இந்தக் கிருமி இல்லவே இல்லை என்று பலர் இறுமாந்திருந்த காலம். 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவை ஆய்வுக்கு ஏவினார். ஆறு பெண்களின் குருதியிலே கிருமியின் தடம் தெரிந்தது. உண்மை வெளிவந்தது. கண்டு சொன்னதோடு கடமை முடிந்ததென்று அவர் கைகழுவிவிடவில்லை. நோயுற்றோரைச் சுற்றத்தார் ஒதுக்கினர். மருத்துவர் பலரே ஒதுக்கினர். அவரோ அவர்களை அருகில் அமர்த்திப் பேசினார். 1993-இல் அவர்களுக்கென்றே ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். 2015-இல் மறையும்வரை அந்தப் பணியில் இருந்தார். அவர் படித்த நூல்களைத்தான் ஒதுங்கி நின்ற மருத்துவர்களும் படித்திருந்தனர். வேறுபாடு நூலில் இல்லை, நோக்கில் இருந்தது!

"அச்சம் இயல்புதானே? ஊசி கையில் குத்திவிட்டால்?" என்று கேட்கும் செவிலியின் கேள்வியை நான் ஏளனம் செய்யமாட்டேன். அவருக்கும் வீடு உண்டு, வீட்டிலே குழந்தை உண்டு. கேள்விக்கு விடை சொல்வோம். கிருமியுள்ள ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றுவது ஏறத்தாழ ஆயிரத்துக்கு மூன்று முறை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியோ, தடுப்பூசி போடாதவரை நூற்றுக்கு முப்பது முறை வரையிலும் தொற்றக்கூடும்! ஊசி குத்திய பின்பும் வழி உண்டு: 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நன்று, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும்.

எண்ணிப் பார், தோழா! சிவப்புக் குறி போட்ட சீட்டைக் கண்டு ஒதுங்குகிறவர், குறியே இல்லாத நூறு பேரை வெறுங்கையால் தொடுகிறார். அந்த நூறு பேரில் எவர் குருதியில் எது இருக்கிறதென்று எவருக்குத் தெரியும்? ஆகவேதான் மருத்துவ அறிவு கூறுகிறது: எல்லா நோயாளியிடமும் ஒரே எச்சரிக்கை, எல்லாக் குருதிக்கும் கையுறை. சிவப்புக் குறியால் செவிலிக்குக் காப்பு இல்லை. நோயாளிக்கு இழிவுதான் உண்டு. சேரிக்கு ஒரு குவளை, ஊருக்கு ஒரு குவளை என்று வைத்தானே, அந்தப் பழைய தீண்டாமை இன்று வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு வருகிறது!

இதனால் விளைவது வெறும் மனவருத்தம் என்று எண்ணிவிடாதே. உயிரே போகிறது. மருந்தில்லாவிடில், இந்தக் கிருமி தாயிடமிருந்து சேய்க்கு நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றும். உரிய மருந்து உரிய காலத்தில் கிடைத்தால் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். வாயிலிலே கடுஞ்சொல் கேட்டவள் மறுமுறை அந்த வாயிலை மிதிப்பாளா? மிதிக்காவிடில் மருந்து ஏது? மருந்தில்லாவிடில் அந்தப் பச்சிளங் குழந்தையின் கதி என்ன?

மாத்திரையின் கதையும் அதுவே. நாள் தவறாமல், வாழ்நாள் முழுதும் உட்கொண்டால் கிருமி அடங்கும். குருதியில் அளந்தும் அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவு வழியாகவும் பிறர்க்குப் பரவாது. 2004 ஏப்ரல் முதல் அரசு இதனை இலவசமாக வழங்கத் தொடங்கியது; முதலில் தொடங்கிய இடங்களில் நம் தாம்பரமும் ஒன்று. மாத்திரைக்கு விலை இல்லை. ஆனால் வாங்க வருகிறவன் ஒவ்வொரு முறையும் தன் மானத்தை விலையாகக் கொடுக்க வேண்டுமென்றால், எத்தனை மாதம் வருவான்?

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர். அருகிருப்பவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணியது அந்தப் பேரறிவு. அருகே வர மறுத்தால் அந்த நான்கில் ஒன்று அற்றுப்போகிறது. மற்ற மூன்றும் இருந்தென்ன பயன்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், இந்நோயைக் காரணம் காட்டி மருத்துவம் மறுப்பதைத் தடை செய்கிறது. இசைவின்றிச் சோதிக்கக்கூடாது, மறைபொருளை வெளியிடக்கூடாது. பணிபுரிவோருக்குப் பாதுகாப்புக் கருவியும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. இருபது பேருக்குக் குறையாத மருத்துவ நிலையம் ஒவ்வொன்றிலும் முறையீடு கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும். ஏட்டுச் சட்டம் எழுந்து நடக்க, நாட்டிலே கால்கள் வேண்டும். அந்தக் கால்கள் நீயும் நானும்!

உன் ஊர் மருத்துவமனைக்குப் போ. கூச்சலிடப் போகாதே, கேட்கப் போ. முறையீட்டு அலுவலர் யார், அவர் பெயர் பலகையில் இருக்கிறதா என்று கேள். துப்புரவுத் தொழிலாளி வரை எல்லோருக்கும் பயிற்சி தரப்பட்டதா, கையுறை போதுமான அளவு இருக்கிறதா, ஊசி குத்தினால் நள்ளிரவிலும் தடுப்பு மருந்து கிடைக்குமா என்று கேள். இல்லையென்றால், அந்தச் செவிலிக்காகவும் குரல் கொடு. கையுறை கொடாமல் கருணையை மட்டும் கேட்பது நேர்மையாகாது.

இறுதியாக ஒன்று. எதிரியைத் தாக்க ஒரு வசை தேடியபோது, "அரசியல் எய்ட்ஸ்" என்று மேடையிலே முழங்கியவன் நான். கையொலி வானைப் பிளந்தது. நானும் மகிழ்ந்தேன். அந்தக் கூட்டத்தின் ஓரத்திலே, மாத்திரையை மடியில் மறைத்தபடி ஒருவன் நின்றிருந்தால், அவன் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று அன்று நான் எண்ணவில்லை. இன்று எண்ணுகிறேன்; வெட்கப்படுகிறேன். இனி அந்தச் சொல் என் நாவில் வராது. உன் நாவிலும் வரவேண்டாம்.

மருத்துவரின் கை திருந்த வேண்டும் என்று கேட்க உரிமை வேண்டுமானால், முதலில் நம் நாக்குத் திருந்தட்டும், தோழா!