ஒரு குவார்ட்டரில் 61 கிராம்

சொந்தங்களே, "தினமும் ஒரு குவார்ட்டர்தானே, அளவாத்தான் குடிக்கிறேன்"னு சொல்ற அண்ணனோ சித்தப்பாவோ உங்க வீட்டுல இருக்காங்களா? செந்துறை, ஜெயங்கொண்டம், குன்னம், வேப்பந்தட்டை, எங்க போனாலும் இதே வசனம்தான். அந்த "அளவை" ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.

குவார்ட்டர்னா 180 மி.லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம்னு லேபிளிலேயே போட்டிருக்கும். எடையில் பார்த்தால் சுமார் 61 கிராம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 45 கிராமைத் தொட்டாலே கல்லீரல் புற்றுநோய் ஆபத்து கூடுவதற்கு உறுதியான ஆதாரம் இருக்குன்னு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2015-லேயே சொல்லிடுச்சு. நம்ம ஊர் அளவு அந்தக் கோட்டை எப்பவோ தாண்டிடுச்சு. "நான் பீர் மட்டும்தான்"னு சொல்றவங்களுக்கு: 650 மி.லி., 8 சதவீத ஸ்ட்ராங் பீரில் 41 கிராம். ஒண்ணோட எழுந்து வர்றவரை நான் அதிகம் பார்த்ததில்லை. சரி, 45-க்குக் கீழே பயமில்லையான்னா, பாதுகாப்பான அளவுன்னு எதுவுமே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவிச்சிடுச்சு.

உள்ளே என்ன நடக்குது? கல்லீரல் ஆல்கஹாலை உடைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உருவாகி, செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். கூடவே கொழுப்பு படியும், வீங்கும், தழும்பு விழும். செத்த செல்லுக்குப் பதிலாகப் புது செல் பிறக்கும்போது, டி.என்.ஏ. கெட்ட செல்லும் சேர்ந்து பெருகும். புற்றுநோய் அங்கேதான் ஆரம்பிக்குது. அப்போ வலி கிடையாது. மனுஷன் சிமென்ட் ஆலை ஷிப்டுக்கோ, மக்காச்சோளக் காட்டுக்கோ வழக்கம்போல போய்க்கிட்டுதான் இருப்பார். கண்ணு மஞ்சளாகி, வயிறு வீங்கி டாக்டரிடம் போகும்போது பெரும்பாலும் முத்திப்போயிருக்கும்.

கொழுப்பு படியும் கட்டத்திலேயே நிறுத்தினால், சில வாரத்தில் கல்லீரல் தேறத் தொடங்கிடும். தழும்பாகிச் சுருங்கிப்போன கல்லீரல்னா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் கட்டாயம். கட்டி சின்னதா இருக்கும்போதே பிடிச்சா குணமாக்க வழி உண்டு. ஒரு விஷயம்: பல வருஷமா தினமும் குடிக்கிறவர் திடீர்னு விட்டால் வலிப்பு வரலாம். டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும்.

2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசே கையில் எடுத்தது. 2024-25-ல் டாஸ்மாக் வருவாய் 48,344 கோடி ரூபாய். ஆட்சி மாறுச்சு, கடை மாறலை. நெடுஞ்சாலைக் கடைகளுக்கு எதிரா உச்ச நீதிமன்றம் வரை போய் 2016 டிசம்பரில் தீர்ப்பு வாங்கினோம். மூடின கடை பல இடத்தில் ஊருக்குள்ளே வந்து உட்கார்ந்தது.

பூரண மதுவிலக்குதான் நம் கோரிக்கை. அது வரும்வரை பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் குடிப்பவர்களுக்கென்றே வாரம் ஒரு நாள் கல்லீரல் பரிசோதனை நடத்தணும். செலவை டாஸ்மாக் கணக்கிலேயே எழுதட்டும்.

கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். திங்கட்கிழமை காலையிலேயே அண்ணனை ஓ.பி. சீட்டு வாங்கக் கூட்டிட்டுப் போயிடுங்க.

#பூரண_மதுவிலக்கு