இருண்ட திரையும் இறவாத கணினியும்

தம்பானூரில் ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. ரயில் முன்பதிவு கணினிமயமான தொடக்க ஆண்டுகளில், இத்தகைய நிலையங்களின் முன்பதிவு முகப்புகளில் ஒற்றை நிற எழுத்துத் திரைகளே இருந்தன. திரை ஒன்று இருண்டால், "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்பது வரிசையில் நிற்போரின் தீர்ப்பு. ஆனால் தெற்கு ரயில்வேயின் முன்பதிவுக் கணினி சென்னையில் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அடைபட்டது அதன் சாளரங்களுள் ஒன்று மட்டுமே.

அதே தவறான தீர்ப்பு இன்று பழைய கணினிகள் மீது வழங்கப்படுகிறது. திரையில் எழுத்து வரவில்லை என்ற ஒரே காரணத்தால் அவை வட்டுகளோடும் ஆவணங்களோடும் 'ஆக்ரி'க் கடைக்குப் போகின்றன. பழுது எங்கே என்று கேட்காமல் வழங்கப்படும் இத்தீர்ப்பு அறிவியலுக்கு ஒவ்வாதது.

பழுதின் இடத்தைத் திரையே பெரும்பாலும் காட்டிவிடும். நடுவில் ஒரே ஒரு கிடைக்கோடு ஒளிர்ந்தால், கற்றையை மேலும் கீழும் நகர்த்தும் சுற்றில் கோளாறு. ஒளிர்வைக் கூட்டும்போது வெற்று ஒளிப்பரப்பு மட்டும் தெரிந்தால், படக்குழாய் உயிரோடு இருக்கிறது. எழுத்துக்கான சமிக்ஞைதான் வந்து சேரவில்லை. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசி, காட்சி அட்டையில் பிழை கண்டால் ஒரு நீண்ட ஒலியும் இரு குறு ஒலிகளும் எழுப்பும். திரை இருண்டிருந்தாலும் கணினி பேசுகிறது என்பதே அதன் பொருள்.

இன்னும் நுட்பமான நிலையும் உண்டு. 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து 'சி'யாகவும், 'டி' 'எஃப்'ஆகவும் தோன்றி, 'பி' மாறாமல் நிற்கிறது என்க. 65 என்பது 67 ஆகிறது. 68 என்பது 70 ஆகிறது. 66 அப்படியே இருக்கிறது. இரண்டின் மதிப்புடைய ஒரு பிட் எப்போதும் 'ஒன்று' என உறைந்துவிட்டது. திரையில் உள்ளதை அச்சுப்பொறிக்கு அனுப்பிப் பார்க்கலாம். தாளிலும் அதே பிழை வந்தால் காட்சி நினைவகத்தை ஐயுற வேண்டும். தாளில் சரியாக வந்தால் பழுது அதற்கு அப்பால், எழுத்துரு உருவாக்கும் சில்லை நோக்கி நகர்கிறது. இவ்வளவும் பெட்டியைத் திறக்காமலே அறியத்தக்கவை.

திறந்தபின் வேண்டுவது வேறோர் அறிவு. ஒற்றை நிறத் திரை, அடிப்படையில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் உடன்பிறப்பு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் படக்குழாயில் பல்லாயிரம் வோல்ட் தேங்கி நிற்கக்கூடும். பயிற்சியற்ற கை அங்கே செல்லலாகாது. அப்பயிற்சி உடையோர் பழைய தொலைக்காட்சி மெக்கானிக்குகள். 1973இல் கே.பி.பி. நம்பியார் தலைமையில் கெல்ட்ரான் தோன்றிய நகரம் திருவனந்தபுரம். அந்நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளும் செய்தது. 1990இல் டெக்னோபார்க்கைக் கண்ட நகரமும் அதுவே. மென்பொருளுக்கு வளாகம் அமைத்த நகரில், மெக்கானிக்குகளின் கையறிவைப் பதிவுசெய்ய ஓர் ஏடு வேண்டாமா? அத்தலைமுறை ஓய்ந்துகொண்டிருக்கிறது.

பழைய பெட்டிகள் அனைத்தையும் காக்க வேண்டும் என்பதன்று வாதம். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு; அவற்றைக் குவித்து வைப்பது அறமன்று. மின்கழிவு விதிகள் 2022 முறையான மறுசுழற்சிக்கு வழி வகுக்கின்றன. புதுப்பிப்போரையும் தனிப்பிரிவாக ஏற்கின்றன. ஆகவே கழிப்பதற்கு முன் மூன்று செயல்கள் போதும். திரையையும் கணினியையும் தனித்தனியே சோதித்தல், வட்டிலுள்ளதைப் படியெடுத்தல், வகைக்கு ஒன்றையேனும் அதன் மின்சுற்று வரைபடத்தோடு காத்தல். ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடங்களை அச்சிட்டு விற்றது. அதனால்தான் நாற்பது ஆண்டுகள் கழித்தும் அக்கணினியின் பழுதைத் தடம்பற்றிச் செல்ல முடிகிறது. வரைபடம் இல்லாத கருவிக்கு அந்த வாய்ப்பு மிக அரிது.

பொதுப்பணத்தில் வாங்கிய கணினியைக் கழித்துக்கட்டும் கோப்பில் 'இயங்கவில்லை' என்று மட்டும் எழுதுவது போதாது. எது இயங்கவில்லை என்பதையும் எழுதும் கடமை கையொப்பமிடுபவருக்கு உண்டு.