டுப்ரோவ்னிக் டிக்கெட் விலையைப் பார்த்து ஆசையை விட்டுடாதீங்க

1/ அட்ரியாட்டிக் கடற்கரைக்குப் போக ஆசை, ஆனா டுப்ரோவ்னிக் டிக்கெட் விலையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிட்டேன்னு சொல்றவங்களுக்கு இந்த த்ரெட். என் கருத்து ரெண்டு. நீங்க தேடுற ஏர்போர்ட்டை மாத்துங்க. ஆனா சர்ச்சில் முதலில் வர்ற மிகக் குறைந்த விலையையும் நம்பாதீங்க.

2/ மேப்பைப் பாருங்க. அது நீளமான, குறுகலான கடல். கிழக்கே குரோஷியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா. எதிர்க்கரை முழுக்க இத்தாலி. நம்ம ஊரிலிருந்து குரோஷியாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஆனா ரோம், மிலன், வெனிஸுக்கு வளைகுடா வழியாவோ இஸ்தான்புல் வழியாவோ ஒரே டிக்கெட்டில் போகலாம். போட்டி அதிகம், அதனால விலையும் பல நேரம் குறைவு.

3/ அங்கிருந்து:
• வெனிஸ் – ட்ரியஸ்டே ரயில், சுமார் 2 மணி நேரம். பிறகு பஸ்ஸில் ரியேகா, இஸ்ட்ரியா பக்கம்.
• ரோம் – அன்கோனா ரயில். அங்கிருந்து இரவுக் கப்பலில் ஸ்ப்ளிட். ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை மிச்சம்.
• பாரி துறைமுகத்திலிருந்து அல்பேனியாவின் துர்ரஸுக்கு இரவுக் கப்பல். சீசனில் டுப்ரோவ்னிக்குக்கும் உண்டு.

4/ இப்போ விசா. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனில் இருக்கு. இத்தாலிக்கும் அதுக்கும் ஒரே விசா போதும். மாண்டினீக்ரோ, போஸ்னியா, அல்பேனியா ஷெங்கன் இல்லை. உங்க விசா 'சிங்கிள் என்ட்ரி'யா இருந்து, டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோர் பார்க்க ஒருநாள் டூர் போனா, திரும்ப குரோஷியாவுக்குள்ள வர முடியாது. உங்க பெட்டி டுப்ரோவ்னிக் ரூம்லயே இருக்கும்!

5/ ஸ்ப்ளிட் – டுப்ரோவ்னிக் சாலையும் முன்பு போஸ்னியாவின் நெயும் வழியாத்தான் போகும். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. இருந்தாலும் பஸ் எந்த வழியா போகுதுன்னு கேட்டுட்டு ஏறுங்க.

6/ மலிவு டிக்கெட்டில் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்'னு போட்டிருந்தா நின்னு படிங்க. ரெண்டு தனித்தனி டிக்கெட்னு அர்த்தம். முதல் விமானம் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை. லண்டன் வழியா அப்படிப் போனா, வெளிய வந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போடணும். அதுக்கு பிரிட்டிஷ் விசா வேணும். சிக்கன ஏர்லைன்களில் பெட்டிக்குத் தனிக் காசு வேற.

7/ டாக்டரா ஒரு வார்த்தை. 4 மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்தே பயணம் செஞ்சா, காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்லுது. ஆரோக்கியமானவங்களுக்கு மொத்த ரிஸ்க் குறைவுதான். ஆனா விமானம், ரயில், பஸ்னு தொடர்ந்து போறவங்க நடுவுல எழுந்து நடங்க, தண்ணி குடிங்க. முன்னாடி இந்தப் பிரச்சினை வந்தவங்க, கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவங்க உங்க டாக்டரைக் கேட்டுட்டுக் கிளம்புங்க. இன்சுலினும் மாத்திரையும் கைப்பையில்தான் இருக்கணும்.

8/ ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஷெங்கனுக்கு மட்டும் எடுத்த பாலிசி அல்பேனியாவில் கைகொடுக்காது. நாடுகளின் பட்டியலைப் படிச்சுட்டுக் காசு கட்டுங்க. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

9/ "ரயில், கப்பல்னு சுத்தினா ஒரு நாள் வீணாகுதே டாக்டர்?" ஆமா. அஞ்சு நாள் லீவு, கூட வயசான அப்பா அம்மான்னா, காசு கூடினாலும் டுப்ரோவ்னிக் வரை ஒரே டிக்கெட் போடுங்க. பத்து நாள் இருந்தா கப்பல்தான் என் ஓட்டு. ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்து செப்டம்பரில் போங்க. கூட்டம் குறையும், கடல் இன்னும் கதகதப்பாவே இருக்கும்.

10/ புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பரில் டிக்கெட், பெட்டி, விசா, கப்பல், காப்பீடு, வழியில் தங்குற ரூம்னு எழுதிக் கூட்டுங்க. அந்தக் கூட்டுத்தொகைதான் உங்க உண்மையான டிக்கெட் விலை.