கேபிள் வெளியே தெரிந்தால் அசிங்கமா?



உங்களில் பலர் இப்போது கடை, கிளினிக், டியூஷன் சென்டர் என்று நடத்துகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள் சுவரில் தெரிந்தால் அசிங்கம் என்று அதை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏற்றிவிடுகிறீர்கள். என்னைக் கேட்டால் அது வெளியே தெரிவதே நல்லது. கிளாம்ப் கழன்றாலும், சூடேறி உறை நிறம் மாறினாலும் கண்ணில் படும். மறைத்து வைத்தால் புகை வந்த பிறகுதான் தெரியும்.

டீச்சருக்கு வயரிங்கில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். எட்டாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்தியவள்தானே! மீதியை என்னிடம் படித்து இன்று வயர்மேனாக இருக்கும் ஒரு தம்பி சொல்லித் தந்தான்.

வெளியே விடுவது என்றால் தொங்கவிடுவது அல்ல. கட்டுக்கம்பியால் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டுவதும் அல்ல. சுவரை ஒட்டி, வரிசையாகக் கிளாம்ப் அடித்துக் கொண்டுபோக வேண்டும். மூலையில் வெடுக்கென்று மடிக்கக் கூடாது. கேபிள் விட்டத்தைப்போல 12 மடங்கு ஆரம் விட்டு வளைப்பது வழக்கம். 25 மி.மீ. கேபிள் என்றால் 30 செ.மீ., உங்கள் பழைய ஸ்கேல் நீளம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். உள்ளே ஒரு வயரின் உறை கிழிந்து கவசத்தைத் தொட்டால், எர்த் இல்லாத கவசம் முழுநீளத்துக்கும் கரண்டோடு நிற்கும். மேலுறை உரிந்த இடத்தில், ஒட்டடை அடிக்க வரும் ஆயாம்மா கை வைத்தால்? அதனால் கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கிளாண்ட் வேண்டும். கவசக் கம்பிகள் அதில் இறுகப் பிடித்திருக்க வேண்டும், அங்கிருந்து எர்த் போக வேண்டும். பல கடைகளில் கவசத்தை வெளியிலேயே வெட்டிவிட்டு, வயரை மட்டும் ஓட்டை வழியாக நுழைத்துவிடுகிறார்கள். ஒரு கிளாண்ட் விலையில் பார்க்கிற சிக்கனம்!

என் தங்கை மகன் மாடியில் டியூஷன் சென்டர் ஆரம்பிக்கிறான். "எம்.சி.பி. இருக்கே பெரியம்மா" என்கிறான். எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். ஆளைக் கொல்லும் சிறு கசிவுக்கு அது அசையாது, அதற்கு ஆர்.சி.சி.பி. வேண்டும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர், மற்ற இடங்களுக்கு 100 வரை என்பது விதி. பிள்ளைகள் உட்காரும் இடம், 30 போடு என்றேன். செலவு என்று முனகுகிறான்.

மாடி டியூஷன் என்றாலே எனக்கு சூரத்தான் நினைவுக்கு வருகிறது. 2019 மே 24. தீ பிடித்த கோச்சிங் சென்டரிலிருந்து இறங்க வழியில்லாமல் பிள்ளைகள் குதித்தார்கள். 22 பேர் போனார்கள்.

இந்த வாரம் உங்கள் மெயின் பெட்டியில் கேபிள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தொட வேண்டாம். கிளாண்ட் இல்லையென்றால் உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

தங்கை மகன் இன்னும் பதில் சொல்லவில்லை. சீலிங் ஆள் திங்கட்கிழமை வருகிறானாம். அதற்குள் வயர்மேன் பிள்ளைகள் யாராவது அவனுக்கு ஒரு போன் போடுங்களேன். நம்பர் என்னிடம் கேளுங்கள்.