பூச்சியம் புள்ளி எடுத்த பெடியன்

2001ஆம் ஆண்டின் ஃபோர்முலா வன் ஓட்டுநர் பட்டியலைத் தேடி எடுத்து, நேரே அடிக்கு வாருங்கோ. 123 புள்ளியோட ஷூமாக்கர் மேல நிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கீழே, பூச்சியம் புள்ளிக்காரருக்குள்ள, தார்சோ மார்க்கேஸ் எண்டு ஒரு பிரேசில்காரர் இருப்பார். அவருக்கும் கீழே அவருடைய அணித்தோழன்: அந்த வருடம் 19 வயதில் அறிமுகமான ஃபெர்னாண்டோ அலொன்சோ.

நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்து இந்த விளையாட்டுக்குள்ள வந்த எங்களுக்கு அலொன்சோ எண்டால் 2005, 2006 உலகச் சம்பியன், நாற்பது தாண்டியும் காரை விட்டு இறங்காத மனுசன். அவருடைய ஆகச் சிறந்த வருடங்களில் ஒண்டு அந்தப் பூச்சிய வருடம்தான் எண்டு நாங்கள் சொல்லுவம்.

அவர் ஓட்டினது மினார்டி. இத்தாலியின் ஃபயென்சாவில் இருந்த சின்ன அணி, பெரும்பாலும் கடைசி வரிசைதான் அதின்ர விலாசம். கையில் காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த அணியை பால் ஸ்டொடார்ட் எண்ட அவுஸ்திரேலியர் வாங்கேக்க முதல் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தது. கார் அவதி அவதியாகப் பூட்டப்பட்டது. எஞ்சின், பேரை மாத்திப் போட்ட பழைய ஃபோர்ட் கொஸ்வேர்த்.

மெதுவான கார் எண்டால் ஓட்டுறது சுகம்தானே எண்டு சிலர் நினைக்கினம். நேர்மாறு. நல்ல காரை வளைவுகளில் காத்து நிலத்தோட அமத்திப் பிடிக்கும். அந்த அமத்தல் குறைஞ்ச கார் வழுக்கும், வழுக்க டயர் சூடேறும், சூடேறின டயர் இன்னும் வழுக்கும். பிரேக் பிடிக்கேக்க பின்பக்கம் ஒரு பக்கம் இழுக்கும். இதுக்குள்ள முன்னணிக் கார்கள் ஒரு சுற்று முந்த வரேக்க நீலக்கொடி காட்டுவினம், ஒதுங்கி வழி விடவேணும். ஒதுங்கின இடத்துப் புழுதி டயரில ஒட்டும். அடுத்த வளைவில மறுபடி சறுக்கல். ஒரு பந்தயம் முழுக்க இதுதான் சீவியம்.

மெல்பேர்னில் முதல் போட்டி. அதே நாளில்தான் ரைக்கோனனும் மொன்டோயாவும் அறிமுகம். ரைக்கோனன் சோபர் காரில் ஆறாவதாக வந்து புள்ளி எடுத்தார். மொன்டோயாவிடம் வில்லியம்ஸ் கார் இருந்தது. எல்லாற்ற கண்ணும் அவையளில. தகுதிச் சுற்றில் அலொன்சோ 19ஆவது. பெரிய விசயமில்லை எண்டு தோணும். ஆனால் அதே காரோட மார்க்கேஸ் 22ஆவது, கடைசி. ரெண்டு பேருக்கும் இடையில் இரண்டரை செக்கன். இந்த விளையாட்டில் அது ஒரு யுகம். பந்தயத்தில் அலொன்சோ 12ஆவதாக முடித்தார்.

வேற வேற காரில் ஓடுற ரெண்டு பேரை எங்களால நேர்மையாக ஒப்பிட ஏலாது. ஒரே காரில் ஓடுற ரெண்டு பேரை ஏலும். அப்படியெண்டால் பட்டியலில் மார்க்கேஸ் ஏன் மேல? முன்னால போன கார்கள் கனக்கக் கழண்ட ரெண்டு போட்டிகளில், பிரேசிலிலும் கனடாவிலும், அவர் 9ஆவதாக வந்தார். அந்த ரெண்டிலும் அலொன்சோவின் கார் இடையில் நிண்டுபோச்சு. அலொன்சோவின் சிறந்த முடிவு ஹொக்கன்ஹைமில் 10ஆவது. அண்டைக்கு முடித்ததே பத்துப் பேர்தான். அப்ப முதல் ஆறு பேருக்கு மட்டும்தான் புள்ளி. இண்டைய முறைப்படி கணக்குப் பார்த்தாலும் மார்க்கேசுக்கு 4, அலொன்சோவுக்கு 1. புள்ளி முறையை எப்படித் திருத்தினாலும் இந்தப் பிழை போகாது.

கடைசிப் போட்டி சுசூகா. அதைத் தேடிப் பாருங்கோ. 53 சுற்று, முடிவில் 11ஆவது இடம். அவருக்குப் பின்னால வந்தவையளில் ஃப்ரென்ட்சனும் பானிஸும் இருந்தினம். ரெண்டு பேரும் முன்னர் கிராண்ட் பிரீ வெண்டவை, ரெண்டு பேரிட்டையும் மினார்டியை விட நல்ல கார் இருந்தது. ஆனால் 11ஆவது இடத்துக்கு மேடையும் இல்லை, ஷம்பேனும் இல்லை.

மோசமான காரில் ஓடுற எல்லாரும் மறைஞ்சிருக்கிற மேதைகள் எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. அந்தக் கற்பனையும் ரசிகர்களிட்ட நிறைய இருக்கு. கனபேர் உண்மையிலேயே மெதுவான ஆக்கள்தான். அதே அணியில் அடுத்த வருடம் அறிமுகமான மார்க் வெபர் முதல் போட்டியிலேயே 5ஆவதாக வந்து 2 புள்ளி எடுத்தார். தொடக்கத்திலேயே எட்டுக் கார் மோதி வெளியேறின நாள் அது. வெபர் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த 2 புள்ளியை வைச்சு அதைச் சொல்ல ஏலாது.

அலொன்சோவுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அவருடைய முகாமையாளர் ஃப்ளாவியோ பிரியாத்தோரே. அவரே ரெனோ அணியையும் நடத்தினார். 2002 முழுக்கச் சோதனை ஓட்டம், 2003இல் ஜென்சன் பட்டனின் ஆசனம். அந்த வருட ஹங்கேரிப் பந்தயத்தை 22 வயதில் வெண்டார். ஷூமாக்கரின் ஃபெராரியை ஒரு முழுச் சுற்று முந்தினார்.

அப்படி ஒரு ஆள் இல்லாமல் கடைசி வரிசையில் ஓடினவை? ஆசனத்துக்குக் காசு கொண்டுவாற அடுத்த ஆள் வந்த உடன இறங்கிப் போனவை எத்தினை பேர்? கமரா முன்னால ஓடுற மூண்டு காரைத்தான் காட்டும். அணித்தோழரோட ஒப்பிட்ட நேரத்தைத் திரையில் ஒரு மூலையிலயாவது போட்டால் என்ன குறைஞ்சு போகும் எண்டு எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை.