மளிகை லிஸ்ட்டில் ஒரு லிட்டர்

தின்பதைவிட எரிப்பது கூடினால் எடை குறையும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 1890-களிலேயே ஆட்களை மூடிய அறைக்குள் இருத்தி, அவர்கள் தின்றதையும் உடல் விட்ட வெப்பத்தையும் அளந்துவிட்டார். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதமும் 4, கொழுப்பு 9. பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் இன்றும் இருப்பது அவர் வழிக் கணக்குதான்.

என் தகராறு வேறு. நம் வீடுகளில் எரிக்கிற பக்கம் மட்டுமே எழுதப்படுகிறது. பூங்காவில் நடப்பவரைக் கேளுங்கள், இன்று இத்தனை கலோரி என்று வாட்சைப் பார்த்து ஒப்பிப்பார். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இப்படிக் கையில் கட்டும் ஏழு வகைக் கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னவை, கலோரியில் கோட்டை விட்டன. இருந்ததில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

வாட்சை விடுவோம். 70 கிலோ ஆள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி போகும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700. ஐம்பது நாள் விடாமல் நடந்தால் ஒரு கிலோ. அதுவும் பூங்கா வாசலில் மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போகாமல் இருந்தால்!

உடலும் லேசுப்பட்டதில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்கள் நாள் முழுக்க நடப்பவர்கள். ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல் அளவைக் கணக்கில் கொண்டால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரி மேலைநாட்டு நகரவாசிகளுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. கூடுதலாக உழைத்தால் உடல் வேறு செலவில் மிச்சம் பிடிக்கிறது என்பது அவர் விளக்கம்.

ஆகவே கணக்கு அடுப்படியில்தான். அங்கே சோற்றைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் எண்ணெயைப் பார்ப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, கிட்டத்தட்ட அந்த அரை மணி நடை. தோசைக் கல்லைச் சுற்றி விடுவதை யார் அளக்கிறார்கள்? பொரியலுக்கு ஊற்றுவது கைக்கணக்கு. சாயங்காலம் டிவி முன்னால் ஒரு கை மிக்சர், அது எந்தக் கணக்கிலும் வராது.

இதை வீட்டில் சொன்னேன். “எண்ணெயைக் குறைச்சா கத்திரிக்காய் வதங்கலைன்னு முதல்ல சொல்றது நீங்கதாங்க” என்றாள் மனைவி. பதில் இல்லை.

ஆனால் அளக்க எளிய வழி இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு லிட்டர் குறைந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 70 கலோரி அளவுக்கு மிச்சம். செயலி வேண்டாம், தராசு வேண்டாம். ஹோட்டல் பரோட்டா இதில் அடங்காது என்பது நிஜம். அதற்கு வாயைக் கட்டத்தான் வேண்டும்.

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் நடை நல்லது, அதை நிறுத்தாதீர்கள். அடுத்த மாத மளிகை லிஸ்ட்டில் மட்டும் எண்ணெயை ஒரு லிட்டர் குறைத்து எழுதுங்கள். பாதியில் தீர்ந்தால் கடைக்கு ஓடாதீர்கள்.